"மெல்லோ" என்னும் ஆங்கிலச் சொல்லும், கனியிலும் மண்ணிலும் அதன் பொருளும்

விவசாய விஷயமாக ஆங்கிலத்தில் வெளிவரும் நூல்களிலும் துண்டுப் பிரசுரங்களிலும் "மெல்லோ" என்னும் ஒரு சிறு சொல் அடிக்கடி காணப்படுகிறது. பழத்தைப் பற்றிச் சொல்லும்பொழுதும் அச்சொல் வருகிறது. உழுத நிலத்தைப் பற்றிச் சொல்லும்பொழுதும் அதுவே வருகிறது. அகராதியைப் புரட்டுவோர் மென்மையான, கனிந்த, பக்குவமான என்று பல அர்த்தங்களை ஒருங்கே கண்டு, அவற்றுள் எளிதாய்த் தோன்றும் மென்மையையே கொண்டுவிடுவது வழக்கம். பாட்டிலும் கதையிலும் இதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் களிப்பு மிகுந்த நிலத்தை "மென்மையாய் இருக்கும்பொழுது உழுக" என்று ஒருவர் மொழிபெயர்த்துவைக்க, அதைப் படித்த குடியானவர் மழை விட்ட மறுநாளே ஏரைப் பூட்டுவாரானால், அந்த ஒரு சொல்லின் பிழைக்காக அவருடைய நிலம் அவ்வருஷம் முழுவதும் கட்டி தட்டிக் கிடக்கும். ஆகவே இச்சொல்லைச் சற்று நிதானித்து ஆராய்வது மிராசுதார்களுக்கும், அவர்களுக்கு எடுத்துச் சொல்லும் நிலையிலுள்ள கிராம அதிகாரிகளுக்கும் பயன்படும்.

சொல்லின் பிறப்பு

"மெல்லோ" என்பதைக் கேட்டவுடன் தமிழருக்கு "மெல்", "மெல்ல", "மெல்லிய" என்னும் சொற்கள் நினைவுக்கு வருதல் இயல்பு. ஒலியும் ஒத்திருக்கிறது, பொருளும் கிட்டத்தட்ட ஒத்திருக்கிறது. எனினும் இவ்விரண்டுக்கும் உறவு கற்பிப்பதற்கு ஆதாரம் கிடையாது. தேனுக்கு லத்தீன் பாஷையில் "மெல்" என்று பெயர் இருப்பதைக் கொண்டு, அதிலிருந்து இச்சொல் வந்ததென்று சொல்வாரும் உளர், அதுவும் பொருந்தாது. ஆங்கிலச் சொல்லாராய்ச்சி வல்லோர் கருதுவது யாதெனில், அரைத்த தானிய மாவைக் குறிக்கும் "மீல்" என்னும் பழஞ்சொல்லோடு இது சம்பந்தப்பட்டிருக்கலாம் என்பதே. பதினைந்தாம் நூற்றாண்டில் இச்சொல் பழுத்து இளகிச் சாறும் இனிப்பும் கொண்ட கனியைக் குறிக்க வழங்கியது. பின்னரே மண்ணுக்கும், மதுவுக்கும், குரலுக்கும், நிறத்துக்கும், மனிதர் குணத்துக்கும் பரவிற்று.

மாவோடு சம்பந்தம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றப் பொருள்களெல்லாம் ஒழுங்காய் விளங்கும். நன்றாய்க் கனிந்த மாம்பழத்தை விரலால் அழுத்தினால் இடங்கொடுக்கிறது. நல்ல புழுதி மண்ணைக் கையில் பிடித்து விட்டால் உதிர்கிறது. இரண்டிலும் முன்பு இறுகியிருந்த ஒன்று இப்பொழுது கட்டு விட்டிருக்கிறது. நனைந்து குழைந்த மென்மை வேறு, கட்டு விட்ட மென்மை வேறு. "மெல்லோ" என்பது பின்னதையே குறிக்கும்.

இங்கிலாந்தில் பழங்கள் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் முற்றிக் கனிவதால், அந்நாட்டார் காதுக்கு இச்சொல் அறுவடைக் காலத்தையும் மங்கிய பொன்னிற வெயிலையும் நினைவூட்டும். கவி கீட்ஸ் 1819-ல் இலையுதிர்காலத்தைப் பற்றி இயற்றிய பாட்டின் முதலடியிலேயே இச்சொல் அமைந்துள்ளது. நம் நாட்டில் மா கனிவது சித்திரை, வைகாசி வெயிலில். அந்த வெயிலை ஒருவரும் இச்சொல்லால் வருணிக்க மாட்டார். சிறிது மது அருந்தி முகம் மலர்ந்திருப்பவனையும் ஆங்கிலத்தில் இச்சொல்லால் குறிப்பதுண்டு. அவ்வர்த்தம் விவசாயத்துக்கு வேண்டியதில்லை.

பழுத்தலும் கனிதலும்

தமிழில் இதற்குச் சொற்பஞ்சம் இல்லை. உண்மையில் ஆங்கிலத்தைவிடத் தமிழே இவ்விஷயத்தில் நுட்பமாய்ப் பிரித்துப் பேசுகிறது. பிஞ்சு, காய், முற்றிய காய், செங்காய், பழம், கனி, அழுகல் என்று படிகள் இருக்கின்றன. உரிய பருவத்துக்கு முன்னே வாடி நிறம் மாறியதை "வெம்பல்" என்று தனியே ஒதுக்கிவைத்திருக்கிறோம். வெம்பலுக்குச் சரியான ஒற்றை ஆங்கிலச் சொல் அகப்படுவது அரிது.

பழுத்தல் என்பதையும் கனிதல் என்பதையும் ஒன்றாகவே பலர் வழங்குகின்றனர். ஆயினும் வழக்கைக் கூர்ந்து நோக்கினால் வித்தியாசம் புலப்படும். இலை பழுக்கிறது, ஓலை பழுக்கிறது, உலையிலிட்ட இரும்பும் பழுக்கக் காய்கிறது. ஆனால் இலை கனிந்தது என்றோ இரும்பு கனிந்தது என்றோ யாரும் சொல்வதில்லை. பழுத்தல் முக்கியமாய் நிறத்தைப் பற்றியது. கனிதல் உள்ளே நிகழும் இளக்கத்தையும் சுவையையும் பற்றியது. ஆங்கிலத்தில் "ரைப்" என்பது நெற்கதிருக்கும் பொருந்தும், மாங்காய்க்கும் பொருந்தும். நாம் கதிர் முற்றியது என்றும் காய் பழுத்தது என்றும் பிரிப்போம். "மெல்லோ" என்பதோ கதிருக்கு ஒருநாளும் வராது. கனிந்த பழத்துக்கே அது உரியது. கனிவான பேச்சு, கனிந்த உள்ளம் என்று மனிதர் குணத்துக்கும் நாம் இதே சொல்லை ஏற்றிச் சொல்வது, இரு பாஷைகளும் ஒன்றையொன்று பாராமலே ஒரு வழியில் சென்றதற்கு நல்ல உதாரணம்.

காயினுள் நிகழும் மாறுதல்கள்

பச்சை வாழைக்காயில் நூற்றுக்கு இருபது பங்குக்குக் குறையாமல் மாவுப்பொருள் இருக்கும். அது நன்றாய்ப் பழுத்தபின் ஒன்றிரண்டு பங்கே மிஞ்சும். மற்றதெல்லாம் சர்க்கரையாய் மாறிவிடுகிறது. மாங்காயில் புளிப்பு குறைகிறது. தோலிலுள்ள பச்சையம் சிதைந்து, அதனால் மறைந்திருந்த மஞ்சள் நிறம் வெளிப்படுகிறது. வாசனைப் பொருள்கள் உண்டாகின்றன. இளக்கத்துக்குக் காரணம் வேறு. காயின் சதை எண்ணிறந்த சிறு கண்ணறைகளால் ஆனது. அவற்றை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பசைக்குப் பெக்டின் என்று பெயர். பழுக்கும் காலத்தில் காய் தானே சுரக்கும் சில நொதிகள் இப்பசையைக் கரைக்கின்றன. சுவர் இடியாமல், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவேயுள்ள சாந்து மட்டும் கரைவதைப் போன்றது இது. இக்காரியங்கள் யாவும் சேர்ந்து நடந்தால்தான் கனிவு. ஒன்று நடந்து மற்றொன்று நடவாமற் போவதும் உண்டு. வியாபாரத்தில் வரும் மோசமெல்லாம் அந்த இடத்திலேதான் பிறக்கிறது.

இவை அனைத்தையும் தொடங்கிவைப்பது எதிலீன் என்னும் வாயு. தெரு விளக்குகளுக்கு எரித்துவந்த வாயுவிலுள்ள எதிலீன் செடிகளின் வளர்ச்சியை மாற்றுகிறதென்று ருஷியாவில் நெல்யுபோவ் என்பவர் 1901-ல் காட்டினார். பழுக்கும் ஆப்பிள் பழம் தானே அவ்வாயுவை வெளிவிடுகிறதென்பதை இங்கிலாந்தில் கேன் என்பவர் 1934-ல் மெய்ப்பித்தார். ஒரு கூடைக் காயில் ஒரு பழம் கிடந்தால் மற்றவையும் பழுக்கும் என்பதும், குழியிலோ அறையிலோ வாழைத்தாரை அடுக்கிப் புகைமூட்டம் போட்டால் விரைவில் பழுக்கும் என்பதும் நம் குடியானவர்கள் நெடுங்காலமாய் அறிந்தவை. புகையிலும் சிறிது எதிலீன் இருக்கிறது என்பதே அதன் இரகசியம்.

எல்லாப் பழங்களும் இதற்குக் கட்டுப்படுவதில்லை. மா, வாழை, பப்பாளி, சப்போட்டா, பலா, தக்காளி இவை முற்றியபின் பறித்தால் பறித்த இடத்திலேயே பழுக்கும். திராட்சை, ஆரஞ்சு, எலுமிச்சை, அன்னாசி, மாதுளை இவற்றைப் பறித்தபின் எத்தனை நாள் வைத்தாலும் இனிப்புக் கூடாது. நிறம் மாறலாம், வாடலாம், அவ்வளவே. கொடைக்கானல் மலையின் கீழ்ச்சரிவுகளில் விளையும் வெண்ணெய்ப்பழம் இன்னும் விநோதமானது. அது மரத்தில் இருக்குமட்டும் கனியவே கனியாது; பறித்துச் சில நாள் வைத்தால்தான் இளகும். அதன் கனிவில் இனிப்புக்கு இடமில்லை, கொழுப்பே மிகுதி. இனிப்பில்லாத இப்பழத்துக்கும் "மெல்லோ" என்னும் சொல் பொருந்துவதால், அச்சொல் சர்க்கரையைச் சுட்டியதன்று என்பது தெளிவாகும்.

முற்றாத காயும் கல் வைத்தலும்

எதிலீன் தொடங்கிவைக்குமே தவிர, இல்லாததை உண்டாக்காது. மாவுப்பொருள் சேராத இளங்காயைப் பறித்து என்ன செய்தாலும், சர்க்கரையாய் மாறுவதற்கு அதனுள் சரக்கு இல்லை. மாங்காய் முற்றியதற்கு அடையாளங்கள் உள. காம்பு சேரும் இடத்தில் இருபுறமும் தோள் போலச் சதை உயர்ந்து, காம்படி சற்றுப் பள்ளமாய்த் தோன்றும். தோலின் பச்சை நிறம் சிறிது வெளுக்கும். வாளித் தண்ணீரில் போட்டால் முற்றிய காய் அமிழும், இளங்காய் மிதக்கும். முற்றிய காய் தண்ணீரைவிடச் சற்றே கனமாயிருப்பதே காரணம். தோப்பைக் குத்தகைக்கு விடும் மிராசுதார்கள், பறிப்பு எந்நிலையில் நடக்கவேண்டும் என்பதைப் பத்திரத்தில் எழுதிவைப்பது உத்தமம். பருவத்தின் ஆரம்பத்தில் விலை உயர்வாயிருப்பதைக் கண்டு குத்தகைதாரர் அவசரப்படுவது இயல்பு. அந்த இளங்காயை வாங்கியவர் இரண்டாமுறை அத்தோப்புப் பழத்தைத் தொடார். குத்தகை முடிந்து தோப்பு திரும்பும்பொழுது கெட்ட பெயரும் அதோடு திரும்பிவரும்.

இவ்வவசரத்துக்குத் துணையாய் வந்ததுதான் கால்சியம் கார்பைடு என்னும் கல். ஈரம் பட்டால் இக்கல்லிலிருந்து அசிட்டிலீன் என்னும் வாயு கிளம்பும். அது எதிலீனைப் போல ஓரளவு வேலை செய்யும், ஆனால் வன்மை மிகக் குறைவு. தோல் மஞ்சளாகும், உள்ளே புளிப்பும் மாவும் நீங்காமல் நிற்கும். அதாவது பழுத்திருக்கும், கனிந்திராது. "கல் வைத்த பழம்" என்று ஜனங்கள் இகழ்வது இதனையே. சுவைக் குறைவோடு நின்றால் வியாபாரத்தின் பாவம் என்று விட்டுவிடலாம். அக்கல்லில் ஆர்சனிக்கும் பாஸ்பரஸும் கலந்திருப்பது வழக்கம். அவற்றின் நச்சு வாயுக்கள் பழத்தில் படிகின்றன, கல்லைக் கையாளும் கூலியாட்களின் மூச்சிலும் கலக்கின்றன. தலைசுற்றல், மிகுந்த தாகம், வாந்தி, தோற்புண் முதலிய துன்பங்கள் இதனால் நேரலாம்.

2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2011-ல் ஏற்பட்ட ஒழுங்குமுறைகள் இக்கல்லால் பழுக்க வைத்த பழத்தை விற்பதைத் தடுக்கின்றன. எதிலீன் வாயுவையே நேராய் உபயோகிக்கலாம்; காற்றில் பத்து லட்சம் பங்குக்கு நூறு பங்கு வரையில் அதற்கு அனுமதியுண்டு. எத்தெபான் தூளைச் சிறு பைகளிலிட்டு, பழத்தில் படாமல் வாயுவை மட்டும் வெளிவிடச் செய்யவும் இடமுண்டு. அதன் கரைசலில் காயை நனைத்தெடுப்பது கூடாது. மண்டியிலோ தோப்புக் கொட்டகையிலோ காய்க் கூடைகளுக்கிடையே காகிதப் பொட்டலங்களில் சாம்பல் நிறக் கட்டிகளும் பூண்டு நாற்றம் போன்ற வாடையும் தென்படுமானால், கிராம அதிகாரி உடனே உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கவேண்டும். அந்தப் பொட்டலத்தின்மேல் தண்ணீர் ஊற்றவோ, அருகில் தீக்குச்சி கிழிக்கவோ கூடாது; அசிட்டிலீன் எளிதில் தீப்பற்றும்.

உஷ்ணமும் கவனிக்கத்தக்கது. பச்சை வாழை இனத்தைப் பதினாறு முதல் பதினெட்டு டிகிரி சென்டிகிரேடு குளிர்ச்சியில் எதிலீன் அறையில் வைத்தால் சதையும் தோலும் ஒருங்கே பக்குவப்படும். கடும் வெப்பத்தில் அதே காயின் சதை உள்ளே இளகிவிடும், தோல் மட்டும் பச்சையாகவே நின்றுவிடும். பதின்மூன்று டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்துக் காய் கெடும். முன்னே கூறிய கல் வைத்த மாம்பழம் பழுத்தும் கனியாதது. இந்த வாழை கனிந்தும் பழுக்காதது. வாங்குவோர் கண்ணால் பார்த்து வாங்குவதால் இரண்டுமே நஷ்டம். வீட்டுச் செலவுக்கு வேண்டிய மாங்காயைக் காம்பு ஒரு விரற்கடை நீளம் இருக்கும்படி பறித்து, பால் வடியவிட்டு, வைக்கோல் பரப்பி ஒருவரிசையாய் அடுக்குவதே போதும்.

மண்ணின் கனிவு

இனி இச்சொல் மண்ணைக் குறித்து வரும் இடங்களைப் பார்க்கலாம். ஆங்கில நூல்களில் "மெல்லோ" நிலம் என்றால் ஈரமும் காய்ச்சலும் அளவாய் அமைந்து, கட்டிகள் உடைந்து, சோளமணி முதல் நிலக்கடலைப் பருப்பு வரையிலான சிறு உருண்டைகளாய்ப் பொலபொலவென்று நிற்கும் நிலம் என்று கொள்ளவேண்டும். நம் குடியானவர்கள் இதைப் பொலபொலப்பு என்றும், உழவுக்கு ஏற்ற நிலையைப் பதம் என்றும் சொல்வர். பதம் என்ற சொல்லே மொழிபெயர்ப்புக்குப் போதுமானது. இளகிய மண், மென்மையான மண் என்பன அதனைச் சேற்றோடு மயங்கச் செய்யும்.

இங்கிலாந்தில் களிமண் நிலத்தை இலையுதிர்காலத்தில் பெரிய கட்டிகளாகவே புரட்டிப் போட்டுவிட்டுக் குளிர்காலம் முழுவதும் சும்மா விடுவார்கள். கட்டிக்குள் இருக்கும் ஈரம் உறைகிறது. தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்பொழுது அதன் பரிமாணம் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்பது பங்கு பெருகுமாதலால், கட்டி உள்ளிருந்தே விரிசல் கண்டு உடைகிறது. வசந்தகாலத்தில் பரம்படித்தாலே மண் உதிர்ந்துவிடும். பனி நிலத்தைக் கனியவைத்தது என்பது அந்நாட்டார் பேச்சு. ஆங்கில நூலில் இதைப் படித்துவிட்டு மார்கழிப் பனியில் அதே பயனைச் சமவெளியில் எதிர்பார்ப்பது வீண். நீலகிரியின் உயர்ந்த பாகங்களில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுவதுண்டேயன்றி, சமவெளியில் மண் உறைவதில்லை.

அந்தப் பனியின் வேலையைச் சமவெளியில் கோடை வெயிலும் இடைமழையும் செய்கின்றன. அறுவடையானபின் கோடை உழவு போட்டு, கட்டிகளை வெயிலில் காயவிட்டால், அவை சுருங்கி வெடிக்கின்றன. கோடைமழை ஒன்று பெய்தவுடன் வறண்ட கட்டிக்குள் தண்ணீர் வேகமாய்ப் புகுந்து, உள்ளிருக்கும் காற்றை நெருக்கி, கட்டியைப் பொரித்துவிடுகிறது. கரிசல் நிலத்தில் இது மிகச் சிறப்பாய் நடைபெறும். அம்மண் ஈரத்தில் வீங்கவும் காய்ச்சலில் சுருங்கவும் வல்லதாகையால், மேல்மண் தானே பொடிந்து கொடுக்கும். திருக்குறளின் உழவு அதிகாரத்தில், ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமல் பயிர் விளையும் என்னும் கருத்து இருப்பதை யாவரும் அறிவர். இங்கிலாந்தில் ஜெத்ரோ டல் என்பவர் 1731-ல் வெளியிட்ட நூலில், மண்ணை நுண்ணிதாய்ப் பொடித்தால் எரு அவசியமில்லை என்று வாதித்தார். பயிர் மண் துகளையே உணவாய் உட்கொள்ளுகிறது என்பது அவர் எண்ணம். அது தவறென்று பின்னர் ஏற்பட்டுவிட்டது. காய்ந்து நனைந்த மண்ணில் நுண்ணுயிர்கள் மும்முரமாய் வேலை செய்து தழைச்சத்தை வெளிவிடுகின்றன என்பதே உண்மையான காரணம். ஆயினும் ஒவ்வொரு வருஷமும் எரு இடாமல் இதையே நம்பியிருந்தால் மண்ணின் சேமிப்புக் கரைந்து போகும்.

பதம் அறியும் சோதனை சுலபமானது. கலப்பை செல்லும் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டவேண்டும். பென்சிலைவிட மெல்லிய திரியாக ஒடியாமல் உருளுமானால் ஈரம் அதிகம். அன்று ஏர் பூட்டலாகாது. திரியாக உருட்டும்பொழுதே துண்டு துண்டாய் ஒடிந்தால் பதம் வந்துவிட்டது. ஸ்வீடன் தேசத்து அட்டர்பெர்க் என்னும் ரசாயன வல்லுநர் 1911-ல் இவ்வெல்லையை அளவுபடுத்தினார்; இன்றும் மண் பரிசோதனைச் சாலைகளில் அதே முறை, மூன்று மில்லிமீட்டர் பருமனுள்ள திரியைக் கொண்டு நடைபெறுகிறது. இவ்வெல்லைக்கு மேற்பட்ட ஈரத்தில் களிமண்ணை உழுதால், படைச்சால் வழவழவென்று மின்னும். அது அழகுக்குரிய மினுக்கன்று, மண்ணின் துவாரங்கள் மெழுகி அடைபட்டதன் அடையாளம். மாட்டு ஏரைவிட டிராக்டருக்கு இவ்விஷயத்தில் எச்சரிக்கை அதிகம் வேண்டும். அதன் பாரத்தால் அடிமண் வரையில் இறுகும்.

நெல் வயல் இதற்கு விலக்கு. அங்கே சேற்று உழவால் மண்ணின் உருண்டைகளை வேண்டுமென்றே அழித்துத் தண்ணீரை நிறுத்துகிறோம். சேறு மெத்தென்று இருக்கிறது, ஆனால் கனிந்த மண் அன்று. ஆகவேதான் நெல் அறுத்த வயலை உழுது பயறு விதைக்க முயன்றால் பாளம் பாளமாய்ப் பெயர்கிறது. காவேரிப் பாசனப் பகுதியில் அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னதாகவே, மண் மெழுகுபோல் இருக்கும் சமயம் பார்த்து, நிற்கும் நெற்பயிருக்குள் உளுந்தையும் பச்சைப்பயற்றையும் தெளித்துவிடுவது வழக்கம். உழவே இல்லாமல் அந்த ஈரத்தில் விதை முளைத்துவிடுகிறது. அதன் வேர்களும், பின்னர் உதிரும் சருகும் மண்ணை மெல்ல மெல்லக் கட்டு விடச் செய்கின்றன.

ரோட்டவேட்டர் என்னும் சுழற்கலப்பை வந்தபின் ஒரே ஓட்டத்தில் மண்ணை மாவாக்கிவிடலாம் என்னும் நம்பிக்கை பலருக்கு உண்டாகியிருக்கிறது. மாவுக்கும் இச்சொல்லுக்கும் உறவு உண்டென்றாலும், மண் உண்மையில் மாவாகிவிடக் கூடாது. செம்மண்ணில் அவ்வாறு பொடித்த நிலத்தின்மேல் ஒரு மழை பெய்தால் ஓடுபோல மேல்மண் இறுகி, கம்பு, எள் முதலிய சிறு விதைகளின் முளை மேலே வரமாட்டாமல் மடியும். மக்கிய தொழுவெருவும், தழையுரமும், மண்புழுவும் சேர்ந்து பிணைத்த சிறு உருண்டை மழைக்குக் கரையாது; இரும்பு அரைத்த பொடி முதல் மழையிலேயே கரைந்துவிடும். சுழற்கலப்பையை உபயோகிப்போர் பதம் வந்தபின் ஒருமுறை, மெதுவான சுழற்சியில் ஓட்டினால் போதும். களர்த்தன்மை கொண்ட நிலத்தில் எத்தனை உழுதும் பொலபொலப்பு வாராது; அங்கே மண் பரிசோதனை செய்வித்து, அதில் கண்ட அளவுக்கு ஜிப்சம் இட்டு, நல்ல தண்ணீர் நிறுத்தி வடித்தபின்னரே ஏரைக் கொண்டுபோகவேண்டும்.